ஹம்ப்டா கணவாய் வழியாகச் சந்திரதால் ஏரிக்கு: சொந்தச் சுமையுடன் இருவர் மட்டும் நடக்கலாமா?

நெல்லை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். வயது 47. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளும் நானும் இமாசலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாயைக் கடந்து, அதன் மறுபுறத்தில் லாஹௌல் ஸ்பிதி மாவட்டத்தில் இருக்கும் சந்திரதால் ஏரியைக் காண வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகத் திட்டமிட்டு வருகிறோம். வெள்ளியங்கிரி ஏழு மலையையும் நான் பதினொரு முறையும் அவள் நான்கு முறையும் ஏறியிருக்கிறோம். பொதிகைப் பக்கமும் மூன்று நாள் நடந்த பழக்கம் உண்டு. எனக்குச் சற்றே இரத்த அழுத்தம் உள்ளது. தினமும் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். வேறு குறை ஏதும் இல்லை.

எங்கள் திட்டம் இது. கோடை விடுமுறையில், மே மாதம் 15ஆம் தேதிக்குப் பிறகு மணாலி சென்று சேர்வது. மறுநாளே ஜோப்ராவிலிருந்து நடக்கத் தொடங்கி, சிகா, பாலு கா கேரா, ஷியா கோரு ஆகிய இடங்களில் ஒவ்வோர் இரவு தங்கி, நான்காம் நாள் சத்ருவில் இறங்குவது. அங்கிருந்து வண்டி பிடிக்காமல் நடந்தே ஏரியை அடைந்து, கரையில் கூடாரமிட்டு இரண்டு இரவுகள் தங்கித் திரும்புவது. கூடாரம், உணவு, அடுப்பு அனைத்தையும் நாங்களே சுமக்க விரும்புகிறோம். முப்பது பேர் கொண்ட குழுவில் சேர்ந்து, சீட்டி ஒலிக்கும்போதெல்லாம் எழுந்து நடப்பதில் இருவருக்குமே விருப்பம் இல்லை.

இத்திட்டத்தில் எங்கே பிழை இருக்கிறது என்பதைத் தயவுசெய்து தயங்காமல் சொல்லுங்கள். சுமைதூக்குவோரோ வழிகாட்டியோ இல்லாமல் இருவர் மட்டும் இதைச் செய்வது அறிவுடைமையா என்பதே என் முதன்மையான கேள்வி.

சுமைதாங்கி:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அவ்வழியில் மூன்று முறை நடந்திருக்கிறேன். ஒருமுறை முழுச் சுமையுடன், இருமுறை கோவேறு கழுதைகளின் தயவில். தயங்காமல் சொல்லச் சொன்னதால் நேராகவே தொடங்குகிறேன். உங்கள் திட்டத்தின் முதல் பிழை மாதம். மே நடுவில் கணவாயின் இருபுறமும் பனி கனமாகக் கிடக்கும். வழக்கமாக ஜூன் நடுப்பகுதியை ஒட்டியே நடைப்பயணிகளுக்கு வழி திறக்கிறது. மறுபுறத்தில் சத்ரு வழியாகச் செல்லும் கிராம்பூ–காசா சாலையும் பனி அகற்றப்பட்ட பிறகே போக்குவரத்துக்கு வரும். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைக்கும் இமயத்தின் நாட்காட்டிக்கும் ஒத்துவராது என்பது நம் போன்றோரின் பழைய துயரம்.

உங்களுக்குப் பொருந்துவது காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் பிற்பகுதியில் மழை ஓய்ந்து, வானம் கழுவி விட்டதைப் போலிருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். இரவில் நீர் உறையும் குளிர் இருக்கும் என்பதால் உறக்கப்பை தரமானதாக இருக்க வேண்டும். பருவம் முந்திப் பனி விழும் ஆண்டுகளும் உண்டு. 2018 செப்டம்பர் பிற்பகுதியில் லாஹௌல் ஸ்பிதியில் எதிர்பாராத பெரும் பனிப்பொழிவு ஏற்பட்டு, பலர் ஆங்காங்கே சிக்கிக்கொண்டதும், விமானப்படை ஹெலிகாப்டர்கள் அவர்களை மீட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆகவே கையில் இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் திரும்பும் விமானச் சீட்டை எடுக்காதீர்கள்.

இரண்டாவது, வெள்ளியங்கிரி. அந்த மலையைக் குறைத்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஏழாவது மலையில் என் முழங்கால்கள் என்னிடம் பேசியதெல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அது கால்களுக்கான தேர்வு. மூச்சுக்கான தேர்வு அன்று. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். நீங்கள் வண்டியிலிருந்து இறங்கி முதல் அடி எடுத்து வைக்கப்போகும் ஜோப்ராவோ ஏறத்தாழ 2,900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதாவது விந்திய மலைக்குத் தெற்கே நீங்கள் எங்கு ஏறியிருந்தாலும், உங்கள் உடல் இதுவரை அறியாத உயரத்தில்தான் இந்த நடை தொடங்குகிறது. கணவாய் ஏறத்தாழ 4,270 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்கு அளவே இருக்கும். அந்தக் காற்றில் பதினைந்து கிலோவைச் சுமப்பது எப்படியிருக்கும் என்பதை வெள்ளியங்கிரியின் கைத்தடி சொல்லித் தராது.

வழியைப் பொறுத்தவரை, ஜோப்ராவிலிருந்து சிகா வரை மரநிழலில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சிறு நடை. சிகாவிலிருந்து பாலு கா கேராவுக்குப் பாறைகளும் பூக்களும் நிறைந்த பள்ளத்தாக்கில் ஐந்து மணி நேரம் ஆகும்; இடையில் ஜ்வாராவில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். 'பாலு' என்றால் இந்தியில் மணல். ஓடை கொண்டுவந்து பரப்பிய மணல்வெளியில் அமைந்த முகாம் என்பதால் அப்பெயர். உயரம் ஏறத்தாழ 3,600 மீட்டர். இதுவரை உங்களுக்கு ஒரு சிரமமும் இராது.

மூன்றாம் நாள் வேறு கதை. பாலு கா கேராவிலிருந்து கணவாய் உச்சிக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஒரு மேடு முடிந்தது என்று நிமிர்ந்தால் அடுத்த மேடு காத்திருக்கும்; இதோ உச்சி என்று மூன்று முறையாவது ஏமாறுவீர்கள். உச்சியில் பத்து நிமிடம் நின்று, வானம் தெளிவாக இருந்தால் இந்திராசனச் சிகரத்தைப் பார்த்துவிட்டு, மறுபுறம் இறங்க வேண்டும். அந்த இறக்கம் செங்குத்தானது. சரளைக் கற்கள் காலுக்கடியில் ஓடும். களைத்த கால்களும் முதுகில் பாரமும் சேரும்போது விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஷியா கோருவில் கூடாரம் அடிக்கும்போது எட்டு ஒன்பது மணி நேரம் நடந்திருப்பீர்கள்.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாலு கா கேரா வரை உடம்புக்கு ஏதாவது ஆனால், வந்த வழியே சில மணி நேரத்தில் ஜோப்ராவுக்கு இறங்கிவிடலாம். அங்கே சாலை இருக்கிறது. கணவாயைத் தாண்டிவிட்டால் திரும்புவதற்கு மீண்டும் 4,270 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். முன்னே செல்வதானால் ஷியா கோருவின் ஓடையைக் கடந்து, நான்கைந்து மணி நேரம் நடந்து சத்ரு சேர வேண்டும். சத்ருவிலும் சில தாபாக்களும் கூடாரங்களும்தாம் உள்ளன. கைப்பேசிச் சமிக்ஞையை நம்பிச் செல்லாதீர்கள். ஆகவே 'போகலாமா, திரும்பலாமா' என்ற முடிவைப் பாலு கா கேராவில் எடுக்க வேண்டும். கணவாயின் மேல் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது. உங்கள் திட்டத்தில் அந்த முடிவுக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். அங்கே இரண்டு இரவுகள் தங்குங்கள்.

உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். சுமையை நீங்களே தூக்குவதில் எனக்கு மறுப்பில்லை, பெருமையான செயல்தான். ஆனால் மணாலிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக உடன் அழைத்துச் செல்லுங்கள். முப்பது பேர் கூட்டமும் வேண்டாம், சீட்டியும் வேண்டாம். ஒரே ஒரு மனிதர் போதும். பாதை தெரியாமல் போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை. பருவத்தில் பாதை தெளிவாகவே இருக்கும். மூடுபனி இறங்கினால் எந்த மேட்டுக்கு வலப்புறம் திரும்புவது, இன்று ஓடையை எங்கே கடப்பது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதைவிட முக்கியமானது, இருவரில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் மற்றவர் தனியாக ஓடி உதவி தேட வேண்டிய நிலை வராது. மலைநடைக்கான அனுமதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அவர் மூலமாகவே வனத்துறைப் பதிவையும் முடித்துக்கொள்ளலாம்.

குன்னூர் மருத்துவர்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சுமைதாங்கி கூறியதை மருத்துவக் கண்ணால் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர்மலை நோய் என்பது உடல் வலிமையோடு தொடர்புடையது அன்று. நாள்தோறும் ஓடும் இருபது வயது இளைஞருக்கு வரலாம். அறுபது வயதுப் பாட்டிக்கு வராமலும் போகலாம். அதனால் உங்கள் மகளைப் பற்றி 'சின்னப் பெண், தாங்கிக்கொள்வாள்' என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள்.

நாங்கள் பின்பற்றும் பொது விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேலே சென்ற பிறகு, ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரம் ஏறாமல் ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினீர்கள் என்பதைவிட எங்கே உறங்கினீர்கள் என்பதே கணக்கு. மணாலி சுமார் 2,050 மீட்டர். சிகா 3,100 மீட்டரை ஒட்டியது. மணாலி சேர்ந்த மறுநாளே சிகாவில் உறங்குவது முதல் நாளிலேயே ஆயிரம் மீட்டர் தாவல். மணாலியில் இரண்டு இரவுகள் கட்டாயம் தங்குங்கள். இயன்றால் சிகாவிலும் இரண்டு. பாலு கா கேராவில் இரண்டு இரவுகள் என்ற யோசனையை முழு மனத்துடன் வழிமொழிகிறேன்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, மிகுந்த சோர்வு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் அதை உயர்மலை நோய் என்றே கொள்ளுங்கள். 'பேருந்தில் சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அறிகுறி இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடினால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் குதிகாலோடு விரலைச் சேர்த்து வைத்து நடக்கச் சொன்னால் ஒருவர் தடுமாறுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் அது மூளை வீக்கத்தின் அடையாளம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். இவ்விரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் இறங்கத்தான் வேண்டும். கணவாயைத் தாண்டிய பிறகு இந்த நிலை வந்தால் என்ன ஆகும் என்பதைச் சுமைதாங்கி முன்பே விளக்கிவிட்டார்.

அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிக் கேட்பீர்கள். தடுப்பு மருந்தாகப் பெரியவர்களுக்குக் காலையும் மாலையும் 125 மில்லிகிராம், ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். விரல் நுனிகளில் குறுகுறுப்பும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் எதிர்பார்க்கக் கூடியவையே. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடாதீர்கள். ஊரிலேயே இரண்டு நாள் எடுத்துப் பார்த்து ஒத்துக்கொள்கிறதா என்று அறிந்துகொள்வது நல்லது. உங்கள் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் அது நீர் பிரியச் செய்யும் வகையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், ஏனெனில் இரண்டும் சேரும்போது உடலில் நீரும் உப்பும் குறையக்கூடும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை நம்பி முடிவெடுக்கும் பழக்கம் அண்மையில் பரவி வருகிறது. குளிரில் விரைத்த விரலில் அது காட்டும் எண்ணைவிட, காலையில் உங்கள் மகள் உணவைக் கண்டு முகம் சுளிக்கிறாளா என்பதையே நான் நம்புவேன்.

கூடாரவாசி:

நான் சொல்லவருவது ஓடையைப் பற்றி மட்டும். ஜூலையில் ஒரு குழுவோடு சென்றேன். குழுவை நடத்தியவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. ஷியா கோருவில் இரவெல்லாம் காற்று வீசியதால் காலையில் எல்லோரும் தாமதமாக எழுந்தோம். ஈரக் கூடாரங்களைக் காயவைத்துக் கிளம்பலாம் என்று குழுத் தலைவர் கூறினார். வெயிலும் இதமாக இருந்தது, யாரும் மறுக்கவில்லை. முகாமை விட்டு நகர்ந்தபோது நண்பகல் ஆகிவிட்டது.

அந்த ஓடை மேலேயுள்ள பனியும் பனியாறும் உருகி வருவது. இரவில் உருகுதல் நின்றுவிடுவதால் அதிகாலையில் நீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும். வெயில் ஏற ஏற அதே நீர் தொடைவரை உயர்ந்து, கற்களை உருட்டிக்கொண்டு வரும். அன்று காலை நாங்கள் முகம் கழுவிய அமைதியான நீரை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்கினோம். எனக்கு முன்னால் சென்றவர் நடுவில் கால் தவறினார். இடுப்புப் பட்டையைக் கழற்றாமல் இறங்கியதால் முதுகுப்பை அவரைக் கவிழ்த்து அழுத்தியது. இருவர் பாய்ந்து பிடித்துப் பட்டையை அவிழ்த்து அவரைக் காப்பாற்றினார்கள், பை போய்விட்டது. உறக்கப்பை, கம்பளிச் சட்டை எல்லாம் அதோடு போயின. சத்ருவில் அன்றிரவு அவரும் நானும் ஒரே உறக்கப்பையைப் போர்வையாக விரித்துப் போர்த்திக்கொண்டு விழித்திருந்தோம்.

ஆகவே ஐயா, விடியும் முன்பே கூடாரத்தைச் சுருட்டுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள், அந்தக் குளிரில் இரண்டு நிமிடத்தில் பாதம் மரத்து, எந்தக் கல்லில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும். வார் உள்ள செருப்பு ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டு, நடைக்காலணியைக் கழுத்தில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள். இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, கோலை முன்னே ஊன்றிப் பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள். இருவரும் தோளைப் பற்றிக்கொண்டு கடப்பது தனித்தனியே கடப்பதைவிட நல்லது. செப்டம்பர் இறுதியில் நீர் குறைந்தே இருக்கும். இருந்தாலும் நேரத்தைத் தளர்த்தாதீர்கள்.

அடுப்பங்கரை:

உணவைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். நான்காயிரம் மீட்டரில் நீர் ஏறத்தாழ 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசியைப் போட்டால் எரிபொருள் தீரும், சோறு வேகாது. பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம் ஊர் அவல்தான் அங்கே அரசன். வெந்நீரில் ஊறவைத்துப் புளிக்காய்ச்சலோ பருப்புப்பொடியோ நல்லெண்ணெயோடு கலந்தால் ஐந்து நிமிடத்தில் உணவு. சேமியாவும் வறுத்த ரவையும் பழுதில்லை. கடலை மிட்டாயும் பேரீச்சையும் பாக்கெட்டில் இருக்கட்டும். உயரத்தில் பசி மந்தமாகும் என்பதால், ஊரில் விரும்பித் தின்னும் பண்டத்தையே எடுத்துச் செல்லுங்கள். உடம்புக்கு நல்லது என்று புதிதாக ஒன்றை அங்கே போய்ப் பழக வேண்டாம். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, மணாலியில் வாங்குங்கள். வெறும் பியூட்டேன் குப்பி உறைகுளிரில் சரியாக எரியாது. புரோப்பேன் கலந்தது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

நெல்லை ஆசிரியர்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஜோப்ராவே ஆனைமுடியைவிட உயரம் என்ற ஒரு வரி என் பதினொரு வெள்ளியங்கிரிகளையும் அமைதியாக உட்காரவைத்துவிட்டது. மகளிடம் படித்துக் காட்டினேன். "நான் முன்னாடியே சொன்னேனே அப்பா" என்கிறாள். அவள் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மே மாதத்தைக் கைவிட்டுவிட்டோம். காலாண்டு விடுமுறையோடு சில நாள் ஈட்டிய விடுப்பும் சேர்த்துச் செல்வதாக முடிவு. வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளவும் இசைகிறேன். எஞ்சியிருக்கும் ஐயம் கணவாய்க்குப் பிந்திய பகுதியைப் பற்றியது. சத்ருவிலிருந்து ஏரிக்கு நடப்பதையும் கரையில் தங்குவதையும் பற்றி யாரும் குறிப்பிடவில்லையே? உயரத்தைப் பொறுத்து அங்கே இரவு தங்குவது எங்களுக்குத் தகுமா என்பதையும் மருத்துவர் அவர்கள் கூற வேண்டும்.

கேலாங் நாட்கள்:

பணி நிமித்தமாக இரண்டு கோடைகளை லாஹௌலில் உள்ள கேலாங்கில் கழித்தவன் என்ற முறையில் இதற்கு விடை கூறலாம் என்று நினைக்கிறேன்.

சத்ருவிலிருந்து, ஏரிக்குச் செல்லும் வழியில் உள்ள பாதல் வரை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அது நடைப்பாதை அன்று, சாலை. சாலை என்று அழைப்பதும் ஒரு மரியாதைக்காகத்தான். சந்திரா ஆற்றின் ஓரமாக உருண்டைக் கற்களின் மீது வண்டிகள் குலுங்கிச் செல்லும். ஒவ்வொரு வண்டியும் உங்கள் முகத்தில் புழுதியை வாரி இறைக்கும். கணவாய் கடந்த கால்களுக்கு அதில் இரண்டு நாள் நடப்பது தண்டனை. சத்ருவில் வண்டி பிடித்துப் பாதலில் இறங்குங்கள். அங்குள்ள தாபாவில் தேநீர் குடித்துவிட்டு, எதிரே பாரா ஷிக்ரி பனியாறு இறங்கிவரும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சற்று அமர்ந்திருங்கள். பாதலிலிருந்து ஏரிக்குப் பிரியும் கிளைச்சாலை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். நடக்க வேண்டும் என்ற ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். இன்னும் நல்ல வழி, 4,551 மீட்டரில் உள்ள குன்சும் கணவாயின் உச்சி வரை வண்டியில் சென்று அங்கிருந்து மலைச்சரிவில் செல்லும் ஒற்றையடிப் பாதை. ஏறத்தாழ 9 கிலோமீட்டர். வண்டிச் சத்தமே இல்லாமல், சந்திரபாகா மலைத்தொடரை எதிரே வைத்துக்கொண்டு நடக்கலாம். ஏரி திடீரென்று கீழே தெரியும் அந்த வளைவுக்காகவே நான் அவ்வழியில் இருமுறை சென்றேன்.

கரையில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. சந்திரதால் 2005ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முகாம்கள் ஏரிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னரே உள்ளன. இந்தத் தடை எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது. 49 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. கோடைதோறும் வருவோர் அனைவரும் கரையில் சமைத்து, அங்கேயே பாத்திரம் கழுவினால் என்ன மிஞ்சும்? உள்ளூர் மக்களுக்கு அது புனித நீர். தருமரை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்ல இந்திரனின் தேர் இறங்கிய இடம் இதுவே என்பது அவர்கள் நம்பிக்கை. விடிவதற்கு முன் முகாமிலிருந்து கிளம்பினால் முதல் வெளிச்சத்தில் கரையைச் சேரலாம். வண்டிகள் வருவதற்குள் ஏரியை முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். தமிழாசிரியர் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன்: கோடையில் அங்கே செம்மஞ்சள் நிற வாத்துகள் இணை இணையாக வருவதுண்டு. நம் பழைய கவிகள் பிரிவுக்கு உவமை கூறிச் சலித்த சக்கரவாகம் அதுதான். செப்டம்பர் இறுதிவரை தங்கியிருந்தால் உங்கள் நற்பேறு.

அக்டோபர் தொடங்கியதும் முகாம்களைப் பிரிக்கத் தொடங்குவார்கள். எனவே கிளம்புவதற்கு முன் மணாலியில் விசாரித்து, முகாமும் சாலையும் திறந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2023 ஜூலை மழையின்போது 200க்கும் மேற்பட்டோர் அந்த முகாம்களில் நாள்கணக்கில் அடைபட்டிருந்தனர். குன்சும் வழியாகப் பனியை அகற்றி வந்துதான் அவர்களை மீட்டார்கள். அது கோடையின் நடுவிலேயே நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

குன்னூர் மருத்துவர்:

சந்திரதால் முகாம் 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும். மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாக ஒரே நாளில் வண்டியில் சென்று அங்கே உறங்குவோர் இரவோடிரவாகத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குக் காரணம், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஒரேயடியாக ஏறியதுதான். நீங்கள் அவர்களைப் போல அல்லர். நடந்து வரும் உங்கள் உடல் பாலு கா கேராவிலும் ஏறத்தாழ 3,900 மீட்டரில் உள்ள ஷியா கோருவிலும் உறங்கிப் பழகியிருக்கும். ஆகவே ஷியா கோருவில் இருவரும் தலைவலியின்றி உறங்கி, காலையில் பசியோடு எழுந்தால் சந்திரதாலில் ஓர் இரவு தங்கலாம். அங்கே சிறிதளவேனும் தொல்லை இருந்திருந்தால், சத்ருவில் தங்கிவிட்டு ஏரியைப் பகலில் பார்த்துத் திரும்புங்கள். இரண்டாவது இரவுக்கு என் ஆதரவு இல்லை என்றில்லை. ஆனால் அதை முதல் இரவு முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நெல்லை ஆசிரியர்:

தெளிவாகிவிட்டது. புதிய திட்டம்: மணாலியில் இரண்டு இரவு, சிகாவில் ஒன்று, பாலு கா கேராவில் இரண்டு, ஷியா கோருவில் ஒன்று, சத்ருவில் ஒன்று, பிறகு குன்சும் வரை வண்டி, அங்கிருந்து நடந்து ஏரி முகாமில் ஓர் இரவு, சுரங்கப்பாதை வழியாக மணாலிக்குத் திரும்புதல், இரண்டு நாள் கையிருப்பு. சுமையை நாங்களே தூக்குகிறோம் என்பதை மட்டும் மாற்றவில்லை. மகளுக்கு 11 கிலோ, எனக்கு 15 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறோம். சரியா?

சுமைதாங்கி:

உங்கள் எடை எவ்வளவு என்று தெரியாது. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐந்தில் ஒரு பங்கு இன்னும் நல்லது. அதே எடையைப் பையில் கட்டிக்கொண்டு, இன்றிலிருந்து வாரம் இருமுறையாவது படியேறிப் பழகுங்கள். இறங்கும்போதும் பையைக் கழற்றாதீர்கள், ஏனெனில் உங்களை வருத்தப்போவது கணவாயின் மறுபுற இறக்கம். ஏற்றம் தொடங்கும் நாளில் முடியாது என்று தோன்றினால், பாலு கா கேராவில் குழுக்களோடு வந்திருக்கும் கோவேறு கழுதைக்காரர்களிடம் ஒரு பையை மட்டும் ஒப்படைத்துவிட்டு நடங்கள். யாரும் உங்களைக் கேலி செய்ய மாட்டார்கள். நானும் என் மூன்றாவது பயணத்தில் அதைத்தான் செய்தேன்.

சிகாவில் ஒரே இரவு என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் 'இயன்றால் இரண்டு' என்றார். கையிருப்பு நாளில் ஒன்றை அங்கே செலவிடலாமே. முகாமுக்கு அருகில் நல்ல பாறைகள் உண்டு, உங்கள் மகளுக்குப் பொழுது போகும்.